அடுப்படியில் வைத்த பேட்டரி

பேய் பிசாசு என்று யார் சொன்னாலும் மூஞ்சிக்கு நேராகச் சிரிப்பவள் நான், இன்றைக்கும் அப்படித்தான், அதனால் நீ சிரித்தால் எனக்குக் கோபமில்லை; முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரி.

என் வீட்டுக்காரர் ராயபுரத்தில் ஒரு மீன் வியாபாரிக்குக் கார் ஓட்டினார், வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன பழைய கார். ராத்திரி எங்கள் குப்பத்து மணலோரம் கடலைப் பார்த்து நிறுத்துவார்; விடிந்தால் பேட்டரியில் உயிர் இருக்காது, ஆள் பிடித்துத் தள்ள வேண்டும். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தபா நின்னுச்சுன்னா வேற டிரைவர வச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் எங்களுக்கு அடுப்பு எரியாது.

முன்பு அந்தக் காரை ஓட்டியவன் கடலில் மூழ்கிச் செத்துப்போனானாம், அவன் ஆவிதான் கரண்டைக் குடிக்கிறதாம். குப்பம் முழுக்க இதே பேச்சு, என் மாமியாரும் சேர்ந்துகொண்டார்.

"ஆவிக்கு கரண்டு இன்னாத்துக்கு அத்தே, ரேடியோ கேக்கவா?" என்றேன்.

வீட்டுக்காரரைப் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். பேட்டரி மண்டையெல்லாம் ஈரம், இரண்டு முனைக்கும் நடுவில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கருவாடு போடுகிறவளுக்கு உப்பைத் தெரியாதா?

"அத்தே, இதுல இன்னா ஊத்துன?"

"திஷ்டி கழிய தெனம் ராவுல கடத்தண்ணிதாண்டி. கட்டுமரத்துக்கு ஊத்தறதில்ல?"

அந்த உப்பு ஈரத்தின் வழியாகத்தான் ராவெல்லாம் கரண்டு கசிந்து போயிருக்கிறது என்று சார்ஜ் போடும் கடைக்காரரும் சொன்னார். ஆவியாம் ஆவி என்று குப்பத்துக்கே கேட்கும்படி கத்தினேன்.

துடைத்து, முழுசாகச் சார்ஜ் ஏற்றி வந்த பேட்டரியை அன்று காரில் மாட்ட விடவில்லை. மாமியார் மறுபடி ஊற்றிவிட்டால்? அடுப்படியில் என் கண்ணெதிரே வைத்துக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரம், மழை மூட்டம், கரையே தெரியவில்லை. கட்டுமரத்தில் போனவர்கள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். ஒருவன் என்னிடம் வந்து, "யக்கா, கார் லைட்ட போட்டு வச்சீங்களே, அத்த பாத்துதான் வந்தோம். இல்லாங்காட்டி கல்லுல மோதிகினு செத்துருப்போம்" என்றான்.

கார் பக்கம் ஓடினேன். விளக்கு எரியவில்லை. கதவு பூட்டியிருந்தது, சாவி என் முந்தானை முடிச்சில். பானெட்டைத் தூக்கினால் பேட்டரி இடம் காலி. முன்விளக்குக் கண்ணாடி மீது மழை வழிந்துகொண்டிருந்தது, நம்பினால் நம்பு, கையை வைத்தேன், சோற்றுப் பானை மாதிரி சுட்டது.

சொன்னால் ஆவிக் கார் என்று முதலாளி தலைமுழுகிவிடுவார், வேலையும் போகும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன். "ஆமாண்டா, நான்தான் போடச் சொன்னேன். இப்ப இன்னா?" என்றேன்.

விடிந்ததும் வீட்டுக்காரர் பேட்டரியை எடுத்துப் போய் மாட்டினார். கார் முனகக்கூட இல்லை. முதலாளி வருவதற்குள் குப்பத்துப் பெண்களைக் கூட்டி நானே தள்ளிக் கிளப்பிவிட்டேன், வேலை தப்பியது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தக் கார் நின்றதில்லை. ஆவி இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன், என் வாயிலிருந்து வேறு வராது.

ஆனால் அந்தப் பேட்டரி ராத்திரி முழுக்க அடுப்படியிலேயே, நான் படுத்த தலைமாட்டுப் பக்கம் கிடந்தது. ஒரு ஒயர் மாட்டவில்லை, ஒருவர் தொடவில்லை. காலையில் தடவிப் பார்த்தேன், மேலே காய்ந்து சுத்தமாக இருந்தது. உள்ளே ஒரு துளி கரண்டு இல்லை.