அம்மாள் லாண்ட் மாஸ்டரில் ஏறிய நாள்

பச்சை வேப்பங்கொழுந்தின் கசந்த மணமும் டீசல் புகையும் ஒன்றாகக் கலந்தால் என்ன மணம் வரும் என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்: எட்டு வயதில் நான் பிழைத்துக்கொண்ட மணம் வரும். வவுணதீவிலிருந்து வாவியைக் கடந்து மட்டக்களப்பு நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு முற்பகல் அது. அப்பாவின் 'லாண்ட் மாஸ்டர்', அதாவது கைபிடித்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு இயந்திரம் முன்னால் இழுக்க, பின்பெட்டியில் விரித்த வெள்ளை வேட்டியின் மேல் நானும் அம்மாவும் பெரியம்மாவும் இருந்தோம். எங்களோடு கண்ணகை அம்மனும் இருந்தா.

அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கடல் பொங்கி ஊர்களை அள்ளிய அந்த ஆண்டின் நடுவில்தான் எனக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார், மாதக்கணக்கில் வாட்டுக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தார். நாங்கள் அங்கே இருந்தபோதே கடல் வந்தது. கல்லடியில் இருந்த பெரியம்மாவின், அதாவது அம்மாவின் அக்காவின், வீட்டையும் அவருடைய ஒரே மகளையும் அது கொண்டுபோனது. ஊசிகள் முடிந்து, இனி வீட்டிலேயே நாளாந்தம் குளிசை விழுங்கி மாதமொரு முறை கிளினிக்குக்கு வந்தால் போதும் என்று சொல்லி எங்களை அனுப்பியபோது, பெரியம்மா எங்கள் வீட்டு ஆளாகிவிட்டிருந்தார். என் தலையில் அப்போதுதான் முளைத்திருந்த பூனைமுடியை நாளெல்லாம் சீவிக்கொண்டிருப்பதே அவருக்கு வேலை. சீவ என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மகரகமையில் தமிழ் தெரிந்த ஒரு நேர்ஸ் அம்மாவிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். குளிசை எடுக்கும் காலத்தில் பிள்ளையின் உடம்புக்கு எதிர்த்து நிற்கும் பலம் இல்லை, அம்மை போட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று. அம்மா அதை எனக்கும் பாடமாக்கிவிட்டார். வாய்ப்பாடு மறந்தாலும் அதை மறக்க விடமாட்டார்.

கடல் வந்து ஒன்றரை வருசம் கழித்து, வெயில் காலத்தில் ஊருக்குள் அம்மை வந்தது. ஒவ்வொரு வாசல் படலையிலும் வேப்பங்கொத்து ஏற, அம்மா எங்கள் படலையைக் கயிறு போட்டுக் கட்டினார். கயிற்றுக்கு அடங்குமா அது? ஒருநாள் காலை சீப்போடு வந்த பெரியம்மா என் காதுக்குப் பின்னால் பார்த்துவிட்டுச் சீப்பை வைத்தார், இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அம்மாள் முத்துப் போட்டிருக்கிறா."

அம்மா அடுப்பை அணைக்காமலே ஓடிவந்தார். "வெளிக்கிடுங்க. ஆசுபத்திரிக்குப் போவம்."

எங்கள் பக்கத்தில் அம்மை வந்தால் அது நோய் வருத்தம் இல்லை, கண்ணகை அம்மாளின் வருகை. மருந்து எடுப்பதில்லை. வேப்பிலைப் படுக்கை, இளநீர், அமைதி. தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் வந்த தெய்வத்தோடு படலையைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அவ கோபித்துக்கொள்வா. பெரியம்மா குறுக்கே நின்றார்.

"என்னகா விசர்க் கதை கதைக்கிறாய்? அம்மாள் வீட்டில இருக்கக்க புள்ளயத் தூக்கிட்டு ஓடுவியா?"

"அக்கா, இவள் மத்தப் புள்ளையள் மாதிரி இல்ல. இவள்ட ரெத்தத்தில ஒண்டும் இல்லையாம்."

"கடலுக்குள்ள கிடந்த என்னை முடியில புடிச்சு இழுத்துக் கரையில போட்டவ அம்மாள்தான். என்ட புள்ளயத்தான் விட்டுட்டா. மறுகா அவவக் கோவிக்கப் பண்ணி இந்தப் புள்ளயையும் குடுக்கச் சொல்லுறியா?"

லாண்ட் மாஸ்டரைக் கிளப்பக் கைபிடியோடு குனிந்திருந்த அப்பா குனிந்தபடியே நின்றார். எனக்குக் காய்ச்சல் தொடங்கிக் கண்ணெல்லாம் எரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அம்மா கேட்ட கேள்வி மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"சடங்குக்கு அம்மாள் கோயில விட்டு வெளிக்கிட்டு ஊர்காவல் போறாவா இல்லையாக்கா?"

"போறாதான்."

"அப்ப இண்டைக்கும் போகட்டும். ஆசுபத்திரியும் நம்மட ஊருக்குள்ளதானே கிடக்கு? நீயும் வா. அம்மாளைத் தனிய விடாத."

ஊர்காவல் என்பது கண்ணகை அம்மன் சடங்கின்போது அம்மனை ஊரைச் சுற்றி எழுந்தருளப் பண்ணும் முறை. கண்டவர் எல்லாம் வாசலில் நிறைகுடம் வைத்துக் கும்பிடுவார்கள். பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். பிறகு பின்பெட்டியைப் பார்த்தார்.

"ஊர்காவல் எண்டால் முறையாப் போகணும். இந்தச் சாணிப் பெட்டியிலயா அம்மாளை ஏத்துவீங்க?"

அவ்வளவுதான். மஞ்சள் தண்ணீரால் பெட்டி கழுவப்பட்டது, நான்கு மூலைக்கும் வேப்பங்கொத்து கட்டப்பட்டது, விரிப்பதற்கு வெள்ளை தேடிப் பெரியம்மா பெட்டகத்தைத் திறந்தார்.

"மச்சாள், அது என்ட கலியாண வேட்டி!" என்றார் அப்பா.

"மறுகா ஒருக்காக் கலியாணம் கட்டப்போறீங்களா? கொண்டாங்க இஞ்ச."

அம்மா அவசரத்தில் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றார். ஒருவழியாக வண்டி வெளிக்கிட்டதும் அடுத்த தொல்லை தொடங்கியது. வேப்பங்கொத்தும் வெள்ளையும் கட்டிய வண்டியைக் கண்ட ஊர்ச் சனம், ஏதோ நேர்த்திக்காக அம்மாளை உண்மையிலேயே ஊர்காவலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நம்பிவிட்டது. பெண்கள் குடத்தோடு ஓடிவந்து சக்கரத்துக்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவர் கற்பூரம் கொளுத்தினார். இன்னொருவர் தன் பேரனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து வேண்டினார். நான் காய்ச்சலோடு தலையை ஆட்டினேன். பெரியம்மாவோ நிற்கிற இடத்திலெல்லாம் வேப்பிலை கிள்ளிக் கொடுத்துக்கொண்டே வந்தார். அம்மா பெட்டியில் எழுந்து நின்று கத்தினார்.

"ஊத்தினது காணும், போதும்! வழிய விடுங்க! அம்மாளுக்கு நேரம் போகுது!"

வாவிப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் நீண்ட வரிசை. வழக்கமாக எல்லாரும் இறங்கி, பொதிகளை அவிழ்த்து, நடந்து கடக்க வேண்டும். அரை நாள் அங்கேயே கழிந்துவிடும். துவக்கோடு வந்த இளம் சிப்பாய் வேப்பிலையைப் பார்த்தார், வெள்ளையைப் பார்த்தார், என் முகத்துக் கொப்புளங்களைப் பார்த்தார். "பத்தினி மேணியோ?" என்று மெதுவாகக் கேட்டார். சிங்களத்தில் ஒரு சொல்லும் தெரியாத பெரியம்மாவுக்குப் பத்தினி என்ற அந்தப் பெயர் மட்டும் விளங்கியது. கண்ணகையைத்தான் சிங்களவர்கள் பத்தினி என்று கும்பிடுகிறார்கள்.

"ஓம் ஓம், பத்தினி! நம்மட அம்மாள்தான்!"

சிப்பாய் இரண்டடி பின்னால் போய், தடைக்கம்பைத் தானே தூக்கிவிட்டார். பக்தியா, தொற்றிவிடும் என்ற பயமா என்று அப்பா பிற்காலத்தில் பலமுறை வாதம் செய்திருக்கிறார். இரண்டும்தான் என்று நான் நினைக்கிறேன். எங்களுக்கும் அன்று இரண்டும் இருந்தன.

ஆஸ்பத்திரியில் தனி அறை கொடுத்தார்கள். "இலை உள்ளுக்கு வேணாம் அம்மா" என்று நேர்ஸ் சொல்ல, "அப்ப அம்மாளும் நானும் வெளியதான்" என்று பெரியம்மா யன்னலுக்கு வெளியே மரத்தடியில் ஒரு தம்ளரில் வேப்பங்கொத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கையில் மருந்து ஏறியது. அதையும் மீறி உடம்பெல்லாம் முத்துப் பரவி மூச்சு வாங்கத் தொடங்கியதும் டொக்டர் அம்மாவை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். பிறகு யன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் அம்மாவின் தலையும் அந்தப் பக்கம் பெரியம்மாவின் தலையும் ஒட்டிக்கொண்டு நின்றதைப் படுத்தபடியே பார்த்தேன். அப்படி எத்தனை நாள் போனதென்று தெரியாது. ஒரு காலையில் காய்ச்சல் விட்டதும், எனக்கு இறால் வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். இன்னும் சுணங்கி வந்திருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னதும் பெரியம்மா பெருமையாகத் தலையசைத்தார்.

"அதானே, அம்மாள் அண்டைக்கு என்ன அவசரப்படுத்தினவ!"

பெட்டி கழுவியதில் போன நேரத்தை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

குளிசைகள் நின்றன. கிளினிக் மாதத்திலிருந்து மூன்று மாதமானது, பிறகு ஆறு மாதமானது. அப்படியான ஒரு மகரகமைப் பயணத்தில்தான் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். தெருவெல்லாம் பட்டாசு. அம்மா என் காதுகளைப் பொத்தியபடி இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தார். எல்லாம் நல்லது என்று சொல்லி வெளியே வந்ததும் வெற்றியைக் கொண்டாட வாசலில் பாற்சோறு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண் அம்மாவின் கையிலும் ஒரு துண்டை வைத்தார். அம்மா அதை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தப் பெண் அம்மாவின் தோளைத் தடவினார். எதற்கென்று நினைத்துத் தடவினாரோ. எதற்கு அழுதாய் என்று பஸ்ஸில் கேட்டேன். "எல்லாத்துக்கும் சேத்துத்தான்" என்றார்.

இப்போது அந்தச் சாவடி இல்லை, கம்பும் இல்லை. மூட்டை அவிழ்த்து நின்ற வரிசையும் இல்லை. பாலத்தை நான் பாட்டுக் கேட்டுக்கொண்டே கடந்துவிடுகிறேன். பெரியம்மா இன்னும் எங்கள் வீட்டில்தான். என் தலைமுடியைக் கண்டால் இன்னும் சீப்பைத் தேடுகிறார். பல்கலைக்கழகத்திலிருந்து தனியாகவே கிளினிக்குக்குப் போய்வருகிறேன். சென்ற முறை டொக்டர், இனி ஒவ்வொரு வருசமும் வரத் தேவையில்லை, இரண்டு வருசத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். வாசலிலேயே நின்று அம்மாவுக்கு அழைத்துச் சொன்னேன்.

"ரெண்டு வரிசமா? ஏன், அவங்களுக்கு உன்னில கோவமா?"

நான் சிரித்துச் சிரித்து விளக்கினேன். என் அம்மா இத்தனை காலமும் அடுத்த கிளினிக்குக்கு அங்காலே ஒரு நாளைப் பற்றிக்கூட என்னிடம் கதைத்ததில்லை. 'பெரியவளானதும்' என்ற சொல் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. அயல் வீட்டு அம்மாக்கள் எல்லாம் நச்சரித்து நச்சரித்துக் கேட்கும் அந்தக் கேள்வியை, அன்றுதான் முதன்முறையாக, தொண்டையைச் செருமிக்கொண்டு என் அம்மா கேட்டார்.

"அப்ப, படிச்சு முடிய என்ன செய்யப்போறாய் மகள்?"