ஹாய்ட் பெட்டஸ் எழுந்து நின்ற கதை

ஹாய்ட் பெட்டஸின் முழங்கை இருபத்திரண்டு வருடமாக என் விலாவில் இடித்துக்கொண்டிருக்கிறது. மைதானத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த இருக்கை. நாற்பத்தொன்றாம் வரிசையில் பதினேழு என்னுடையது, பதினெட்டு அவருடையது. அந்த அலுமினியப் பலகையில் உட்கார டிக்கெட் வாங்கவேண்டும். டிக்கெட் வாங்கும் உரிமைக்கு முதலில் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை தரவேண்டும். வேறு யாராவது இப்படிக் கேட்டால் போலீசைக் கூப்பிட்டிருப்போம். தலோகா மாநிலப் பல்கலைக்கழகம் கேட்டால் நன்றி சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அலபாமாவில் எங்கள் ஊரில் ஃபுட்பால் என்றால் கையில் பந்தோடு ஓடி ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளும் ஆட்டம். பந்துக்கும் காலுக்கும் அதில் அதிக சம்பந்தமில்லை, மூளைக்கும்தான். எங்கள் அணிக்குச் செவ்வெறும்புகள் என்று பெயர். நான் முப்பது வருடம் தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் விற்றவள். ஹாய்ட் செப்டிக் டேங்க் லாரி வைத்திருக்கிறார். ஊரில் பாதி வீடுகளின் தொட்டி அவர் லாரியில்தான் காலியாகிறது. லாரி சிவப்பு, தொப்பி சிவப்பு, அக்டோபர் வெயிலில் கழுத்தும் சிவப்பு.

அணிக்கு ஒரு பாட்டு உண்டு. பேண்டு வாத்தியத்தில் அதன் முதல் ஊதல் கேட்டதும் எங்கள் ஊரில் பிறந்தவர்கள் எழுந்து நின்று நெஞ்சில் கை வைப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, கால் தானாக நிமிர்ந்துவிடும். ஹாய்ட்டின் மாமனார் அடக்கத்தில், பாதிரியார் ஜெபத்தின் நடுவே யாருடைய போனோ அந்தப் பாட்டில் அடித்தது. துக்கம் கேட்க வந்த அத்தனை பேரும் எழுந்து நின்றோம். எல்லாருக்கும் முன்னால் எழுந்தவர் ஹாய்ட். பாதிரியாரும் பைபிளை இடுக்கிக்கொண்டு நெஞ்சில் கை வைத்ததை நான் பார்த்தேன்.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. அதன் பெயர் லாரல். மனைவி டல்லாஸுக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டபின் வீட்டில் அப்பாவும் மகளும்தான். லாரல் ஏழு வயதிலிருந்து நீந்துகிறாள். மல்லாந்து நீந்துவதில் கெட்டிக்காரி. பன்னிரண்டு வருடம், விடிவதற்கு முன்னால், அந்த நாற்றமடிக்கும் லாரியில் அவளை நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போனவர் ஹாய்ட். தலோகாவின் நீச்சல் அணியில் அவளுக்கு இடமும் பாதி உதவித்தொகையும் கிடைத்தபோது தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வறுத்த பன்றிக்கறி போட்டார். ஒலிம்பிக் கனவெல்லாம் அவளுக்குக் கிடையாது. நான்கு வருடம் கல்லூரிக்காக நீந்த வேண்டும், அவ்வளவுதான். அவள் வாழ்க்கையில் கேட்டது அது ஒன்றைத்தான்.

இதற்கிடையில் சட்டம் மாறியது. அதுவரை பையன்கள் எலும்பு உடைய ஆடினால் படிப்பும் சாப்பாடும் கிடைக்கும். கோச்சுக்கு ஏரிக்கரையில் இரண்டு வீடு கிடைக்கும். பையன்களுக்கும் பணம் கொடுக்கலாம் என்று ஆனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, எப்போதோ கொடுத்திருக்க வேண்டும். ஆனால் கோச்சின் வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடவில்லை. எங்கள் பாக்கெட்டில் கை விட்டார்கள். கடைக்காரர்கள் ஆளுக்கொரு ஆட்டக்காரனை விளம்பரத்துக்கு எடுத்து அவனுக்குச் சம்பளம் தரவேண்டும் என்று வசூல் குழு போட்டார்கள்.

ஹாய்ட் சாதாரண ஆளை எடுப்பாரா? பந்து எறிந்து ஆட்டத்தையே நடத்தும் பையன் ஜமாரியை எடுத்தார். நெடுஞ்சாலையோரம் பெரிய விளம்பரப் பலகை. பத்தொன்பது வயதுப் பையன் செப்டிக் லாரியின் குழாயைத் தோளில் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பான். கீழே, 'பெட்டஸ் வந்தால் தடை ஏது!' என்று எழுதியிருக்கும். அந்தப் பையனின் பொறுமைக்கே தனியாகக் காசு கொடுத்திருக்கலாம்.

ஜனவரியில் ஜமாரி அதிகம் தருகிற வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்று அறிவித்தான். போகுமுன் லாரி கொட்டகைக்கு வந்து சொல்லிக்கொண்டான். நான் அன்று என் வீட்டுத் தொட்டிக்கு நாள் குறிக்கப் போயிருந்தேன்.

"ஏண்டா தம்பி, நாமெல்லாம் ஒரே குடும்பம்னு சொன்னியே?" என்றார் ஹாய்ட். 

"அது நான் சொன்னதில்ல சார். முன்னாடி இருந்த கோச் சொன்னது. எங்க வீட்டு சோபாவுல உக்காந்து, எங்கம்மா கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. எட்டு மாசத்துல வேற ஊருக்குப் போயிட்டாரு. அவருகிட்ட இந்தக் கேள்விய யாரும் கேக்கலையே சார்."

ஹாய்ட் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். பையன் கைகுலுக்கிவிட்டுப் போனான். பலகையை இறக்க ஆள் வரவே மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.

பந்து எறிய ஆளில்லை என்றதும் ஊருக்கே காய்ச்சல் வந்தது. ஏப்ரலில் விளையாட்டுத்துறை இயக்குநர் டாலிவர் நன்கொடையாளர்களுக்கு ஒரு மதிய விருந்து வைத்தார். டாலிவர் இதற்கு முன் மெத்தைக் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவர், ஆளைத் தூங்கவைக்கத் தெரிந்தவர். மேசைதோறும் பன்றிக்கறி, வேகவைத்த நிலக்கடலை, சர்க்கரைத் தேநீர். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் 'ஒரே இதயம்' என்று தலைப்பிட்ட இருபது பக்கப் புத்தகம். நான் என்னுடையதைத் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஹாய்ட் அதில் கொஞ்சம் குழம்பு சிந்தினார். படித்தவர் யாரும் இல்லை.

டாலிவர் முக்கால் மணி நேரம் பேசினார். பந்து எறியும் பையன் வேண்டும், பணம் வேண்டும், அதற்குத் துறை 'உடம்பைக் குறைக்க' வேண்டும். நாங்கள் கடலை உரித்தோம். கடைசியில், "இந்தத் திட்டத்த ஆதரிக்கிறவங்க எந்திரிச்சு நில்லுங்க!" என்று சொல்லிவிட்டு, மூலைப் பக்கம் கையைக் காட்டினார். மூலையில் பேண்டு வாத்தியக்காரர்கள் பதினாறு பேர் தயாராக நின்றிருந்தார்கள்.

முதல் ஊதல் வந்தது. நாற்காலி தரையில் கீச்சிட, எல்லாருக்கும் முன்னால் ஹாய்ட் எழுந்தார். வலது கை நெஞ்சில், வாயோரம் குழம்பு, கண்ணில் தண்ணீர். அப்புறம் இருநூறு பேரும் எழுந்தோம். நானும்தான். என் முழங்கால் என்னைக் கேட்கவில்லை. போட்டோக்காரர் மேசைமேல் ஏறிப் படம் எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து ஹாய்ட் போன் செய்தார். "அக்கா, கொஞ்சம் வீட்டுக்கு வாங்களேன்." நான் போனபோது, கல்லூரியில் இரண்டாம் வருடம் முடிக்கப்போகிற லாரல் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஊர்ப் பத்திரிகை. முதல் பக்கத்தில் அப்பா, நெஞ்சில் கையோடு. 'திட்டத்துக்கு ஏகமனதான ஆதரவு' என்று தலைப்பு. லாரல் அந்த இருபது பக்கப் புத்தகத்தை எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தாள்.

"பதினாலாம் பக்கம், வெர்னா ஆன்ட்டி. சத்தமாப் படிங்க. அப்பா கண்ணாடி போடல."

படித்தேன். நீச்சல், டென்னிஸ், நெடுந்தூர ஓட்டம் ஆகிய மூன்று அணிகளும் இந்த வருடத்தோடு கலைக்கப்படுகின்றன. மிச்சமாகும் தொகை ஃபுட்பாலுக்கு.

"கண்ணு, நான் பாட்டுக்குத்தான் எந்திரிச்சேன்" என்றார் ஹாய்ட்.

"தெரியும்ப்பா. பாட்டு போட்டா நீங்க பாத்ரூம்லேர்ந்தும் எந்திரிப்பீங்க. அந்த ஆளுக்கும் அது தெரியும்."

"நாளைக்கே போய்ப் பேசறேன்."

"பேசுங்க. எங்க டீம்ல இருபத்தாறு பொண்ணுங்க. காலைலேர்ந்து ஒவ்வொருத்தியா எனக்கு இந்தப் படத்த அனுப்பிட்டிருக்கா. ஒருத்தியும் திட்டலப்பா. திட்டியிருந்தாக்கூடத் தேவலை."

அவள் அழவில்லை. அழுதது ஹாய்ட். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் பாதியை என்மேல் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் படத்தில் அவர் தோளுக்குப் பின்னால் தெரிகிற பூப்போட்ட சட்டை என்னுடையது.

மறுநாள் டாலிவரின் அறைக்கு நானும் கூடப் போனேன். டாலிவர் ஹாய்ட்டைக் கட்டிப்பிடித்து உட்காரவைத்தார்.

"சார், எனக்குப் புரியாம நடந்துபோச்சு. என் ஓட்ட வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் ஹாய்ட்.

"பெட்டஸ் சார், முதல்ல எந்திரிச்சதே நீங்கதானே? உங்களப் பாத்துதான் மத்தவங்க எந்திரிச்சாங்க. அந்தப் படத்தப் பெரிசு பண்ணி வரவேற்பறையில மாட்டப்போறோம்."

"பாட்டு போட்டா எவன் சார் உக்காந்திருப்பான்?"

"அதான் சார் நம்ம ஊரோட பெருமையே" என்றார் டாலிவர், கண் கலங்க. மெத்தை விற்றவருக்கு வேண்டும்போது கண் கலங்கும்.

நான் வாயை அடக்கியிருக்கலாம். "அந்த ஏரிக்கரை வீடு ஒண்ண வித்தா மூணு டீமும் அஞ்சு வருஷம் ஓடுமே?" என்று கேட்டேன். டாலிவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நீச்சல் அணியை இழுத்து மூடினார்கள். பெண்கள் வேறு இடம் தேடினார்கள். பாதிப் பேர் நீச்சலையே விட்டார்கள். லாரலுக்கு ஜூன் மாதம் ஒரே ஓர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. கார்டோவா பல்கலைக்கழகம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், மூன்று மணி நேரப் பயணம். எங்களுக்கும் அவர்களுக்கும் எழுபது வருடப் பகை. அவர்கள் நிறம் கத்தரிப்பூ நிறம். ஹாய்ட் வீட்டில் கத்தரிக்காயே வாங்கமாட்டார். அந்தக் கடிதத்தை அவர் நாலு நாள் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார். ஐந்தாம் நாள் மகளின் பெட்டிகளைச் சிவப்பு லாரியில் ஏற்றினார். அதற்காக அந்த மனிதரை நான் மன்னித்தேன்.

அக்டோபரில் லாரலின் முதல் போட்டிக்கு இருவரும் கார்டோவா போனோம். பார்வையாளர் முப்பது பேர் இருப்போம், எல்லாம் அப்பா அம்மாக்கள். லாரல் கத்தரிப்பூ நிறத் தொப்பியில் மல்லாந்து நீந்தி இரண்டாவதாக வந்தாள். கரையேறி, பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. ஹாய்ட் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை அமுக்க மறந்துவிட்டார்.

வாசலில் கத்தரிப்பூ நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு நின்றாள். பெற்றோர் நன்கொடை என்றாள்.

"நீச்சலுக்கு மட்டும்னு குடுக்க முடியுமாம்மா?" என்று ஹாய்ட் கேட்டார்.

"எல்லாம் ஒரே கணக்குதான் சார். ஃபுட்பால் ஜெயிச்சாத்தான் நீச்சல் இருக்கும். போன வருஷமே எடுத்துரலாம்னு பேச்சு வந்துச்சு. எந்த ஆட்டக்காரருக்குன்னு மட்டும் தேர்வு பண்ணுங்க."

திரையில் கார்டோவா பையன்களின் முகங்கள் வரிசையாக இருந்தன. ஹாய்ட் என் பக்கம் திரும்பினார். "யாராவது ஒருத்தன் பேரு சொல்லுங்கக்கா."

"கெட்ட வார்த்தை சேக்காம இவனுங்க பேரு ஒண்ணும் எனக்குத் தெரியாது" என்றேன்.

"பந்து எறியறவன் யாரோ அவனுக்கே போடும்மா" என்றார் ஹாய்ட். "நல்லா எறியச் சொல்லு."

தலோகாவின் வசூல் குழுவுக்கு ஜமாரிக்காகக் கொடுத்த அதே தொகையைப் போட்டார்.  

நவம்பரில் கார்டோவா எங்கள் மைதானத்துக்கு ஆட வந்தது. எண்பதாயிரம் பேர், எல்லாம் சிவப்பு. ஹாய்ட் பதினெட்டாம் இருக்கையில் சிவப்புத் தொப்பியோடு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் கால்பகுதியில் எங்கள் பையன்கள் இரண்டு பேர் பாய்ந்து கார்டோவாவின் பந்து எறியும் பையனை மடக்கித் தரையில் அறைந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. மைதானமே குதித்தது. என் பின்னாலிருந்த பல் டாக்டர் பாப்கார்னை வாரி இறைத்தார். வெட்கமாக இருக்கிறது, நானும் கை தட்டிவிட்டேன்.

ஹாய்ட் தட்டவில்லை. முன் வரிசைக்காரரின் தோளைப் பற்றிக்கொண்டு, முகம் வெளுத்து, "எந்திரிடா தம்பி, எந்திரி, எந்திரி" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் குனிந்து, "யோவ் ஹாய்ட், நீ எந்தப் பக்கம்யா?" என்று கேட்டார்.

கார்டோவாப் பையன் ஒரு காலை இழுத்துக்கொண்டு எழுந்தான். ஹாய்ட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.  என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்.

"லாரலுக்கு இன்னும் ஒண்ணரை வருஷம் நீச்சல் பாக்கி இருக்குக்கா."