அக்காவின் கை

நான் எழுதிய முதல் கதை பத்திரிகையில் வந்த வாரம், அக்காவைப் பெண் பார்க்க ஆம்பூரிலிருந்து வந்திருந்தார்கள். அவள் வீட்டோடு இருக்கிறாள் என்றுதான் சொல்லியிருந்தோம். உண்மையில், தோல் கிடங்கில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துத்தான் அவள் என்னைப் படிக்க வைத்தாள்.

“எங்க பாப்பா எழுதுன கதைங்க. படிச்சுக் காட்டு பாப்பா,” என்றாள் அக்கா, பெருமையாக.

பாதியில்தான் எனக்கு உறைத்தது. கதையில் பெயரை மாற்றியிருந்தேன். பெண் பார்க்க வருகிற நாளில், பட்டைக் கறை போக எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்க்கும் பெண்ணை மாற்றவில்லை. அங்கே படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த வரியை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். ஆனால் நான் எழுதியதிலேயே நல்ல வரி அது. படித்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார். எலுமிச்சை வாசனை இன்னும் இருந்தது.

“இன்னாம்மா, கதைன்னு சொன்னியே?”

“கதைதாங்க,” என்று அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவர்கள் மறுபடி வரவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா, “நல்லாத்தான் எழுதிக்கிற பாப்பா,” என்றாள்.

பிறகும் நிறைய எழுதினேன். அவள் எத்தனை முறை கேட்டும், எதையும் படித்துக் காட்ட என்னால் முடியவில்லை.