கத்தி படாத புத்தகம்

நாள் முழுக்கப் பொய்ப்பல் செய்கிற மனிதருக்குப் பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள் மேல் அப்படி என்ன மோகமோ! அதிலும் எல்லாப் புத்தகமும் அவருக்கு ஆகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தாளர்களின் முகத்தையும் குணத்தையும் சொல்லாலேயே வரைந்து காட்டிய நூல்கள்தான் வேண்டும். அதுவும் முதல் பதிப்பாக இருக்க வேண்டும். மறுபதிப்பைக் காட்டினால் முகத்தைச் சுளிப்பார். இதற்காகவே மாலை வகுப்புக்குப் போய் பிரெஞ்சு கற்றார். பேசச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார், படிக்கச் சொன்னால் வெளுத்துக் கட்டுவார்.

பல வருடம் தேடி அலைந்த ஒரு நூல் கடைசியில் தபாலில் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் தாளை மடித்துத் தைத்து அப்படியே விற்பார்கள். வாங்கியவர்தான் மடிப்பை அறுத்துப் படித்துக்கொள்ள வேண்டும். இதை வாங்கிய புண்ணியவான் அறுக்கவே இல்லை. கத்தி படாத பிரதி என்றால் சேகரிப்பவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆனால் உள்ளே ஒரு பெண் எழுத்தாளரைப் பற்றிய சித்திரம் இருந்தது. பிந்தைய பதிப்புகளில் அதைத் தூக்கிவிட்டார்கள். அறுத்தால் புத்தகத்தின் மவுசு போச்சு. அறுக்காவிட்டால் அந்த அம்மாள் எப்படிப்பட்டவர் என்று தெரியாமலே போய்விடும்.

மனிதர் விட்டாரா? வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை மடிப்புக்குள் நுழைத்தார். டார்ச் அடித்து, இடவலம் மாறித் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார்.

“என்னங்க, புத்தகத்துக்குச் சொத்தைப்பல்லா?” என்றாள் மனைவி.

“சும்மா இரு. அந்தம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க.”

“எதுக்கு?”

“அதுதான் மடிப்புக்குள்ள மாட்டிக்கிச்சு. தெரியல.”

ஒரு வாரம் இதே கதை. கடைசியில் மனைவிக்கே பொறுக்கவில்லை.

“ஏங்க, அவங்க சிரிச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் யாருமே கூடச் சிரிக்கலையே, பாவம்!”

அவருக்குச் சுருக்கென்றது. மெல்லிய கத்தி ஒன்றை எடுத்தார். மயிரிழை பிசகாமல் பல் செதுக்குகிற கை அதை மடிப்பில் வைத்து இழுத்தது. சர்ரென்று மடிப்பு பிரிந்தது.

படித்தார். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் முட்டியது.

“சொல்லிட்டுச் சிரிங்களேன்!”

“இதை எழுதுன ஆளு அவங்களைப் பார்க்கப் போயிருக்காரு. ‘அம்மா, இலக்கியம்னா என்ன?’ன்னு பெருசா கேட்டிருக்காரு. கேட்டு முடிக்கல, நாற்காலிக் கால் ஒடைஞ்சு ஆளு தொபுக்கடீர்னு...”

“அதான் அடுத்த பதிப்புல தூக்கிட்டாரா!” மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவருக்கோ ஒரே சந்தோஷம். மவுசு போனது நினைவிலேயே இல்லை.

“மேல் தட்டுல வச்சிருக்கீங்களே, அதுவும் அறுக்காததா?”

“ஆமா” என்றவர், தாமே எழுந்து போய் அதை எடுத்து வந்து, கத்தியை அவள் கையில் கொடுத்தார்.