வேலியில் ஒரு ரோசாப்பூக் கோப்பை

போன சனிக்கிழமை எனக்கு ஒரு மேடை கிடைத்தது. மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு தேநீருக்கு வந்திருந்தார். மூன்று வருடம் மேற்கு ஜேர்மனியில் இருந்துவிட்டு இணுவிலுக்குத் திரும்பியவன் வேறு எதைக் கதைப்பான்? சண்டை நடக்கிற ஊருக்கு யாராவது திரும்பி வருவார்களா என்று கேட்காதீர்கள். அங்கே என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். குளிர் ஒத்துவரவில்லை என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

முதலில் பஸ் கதை. பத்திரிகையில் இந்தப் பத்தியிலேயே முன்பு இரண்டு தடவை எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்! அங்கே பஸ் நிறையச் சனம். என் பக்கத்து ஆசனம் மட்டும் காலி. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார்களே தவிர, ஒருவரும் உட்காரமாட்டார்கள். தினமும் குளித்து, பவுடர் பூசிக்கொண்டு போய் நான் பெற்ற மரியாதை அது.

மச்சான் கொதித்துப்போனார். "உவங்களும் மனிசரோ?" என்றார்.

பிறகு கோப்பைக் கதை. நான் காய்ச்சலில் கிடந்தபோது கீழ் வீட்டுப் பெண்மணி சூப் கொண்டுவந்தார். என் குழம்பு மணக்கிறது என்று வீட்டுக்காரரிடம் இரண்டு முறை முறையிட்டவரும் அவர்தான். சூப் வந்தது, ரோசாப்பூப் போட்ட அவருடைய சொந்தக் கோப்பையில். நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று அந்தக் கோப்பையையே கையில் தந்துவிட்டார். இப்போது அது எங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவேன். அன்றும் காட்டினேன்.

அப்போதுதான் முற்றத்திலிருந்து இராசனின் குரல் கேட்டது.

இராசன் எங்களுக்குத் தேங்காய் பிடுங்குபவர். வேலை முடித்து, முருங்கைக்குக் கீழே குந்தியிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'அண்ணை' என்பார். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வேன்.

"அண்ணை, நீங்கள் குடிச்ச கோப்பை எண்டுதான் அவ திருப்பி எடுக்கேல்லையோ?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் இந்தச் சந்தேகம் எனக்கு வந்ததே இல்லையே… இல்லை இல்லை, ஒரு வாரம் கழித்து அதே கோப்பையில் அவர் கோப்பி குடித்ததை நானே கண்டேன் என்று, சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

"அப்ப நல்ல மனிசிதான்" என்றார் இராசன். வாளித் தண்ணீரில் குடித்து முடித்த தன் அலுமினியப் பேணியைக் கழுவி, வேலியில் நட்டிருந்த கதியால் தடி ஒன்றின் தலையில் கவிழ்த்துவிட்டுப் போனார்.

தன் பேணி! அவருடைய சாதிக்காரருக்கென்று எங்கள் வீட்டில் தனியாக வைத்திருக்கிற பேணி. அது சமைக்கிற குசினிக்குள் வராது. நாங்கள் அதைத் தொடவும் மாட்டோம், தேநீரை மேலேயிருந்து ஊற்றுவோம். நான் பஸ் கதை சொன்ன நாளெல்லாம் அது வேலியில்தான் இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மச்சானோ வடையில் மும்முரமாகிவிட்டார்.

வெட்கத்தில் எனக்கு வீரம் வந்தது. செவ்வாய்க்கிழமை இராசன் ஓலை வெட்ட வந்தபோது, அந்த ரோசாப்பூக் கோப்பையில் தேநீர் ஊற்றி நானே கொண்டுபோய் நீட்டினேன். மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இராசன் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார். நானும் ஏதோ புரட்சி செய்துவிட்ட திருப்தியோடு உள்ளே வந்தேன்.

அவர் போன பிறகு வெளியே வந்து பார்க்கிறேன்… கோப்பையைக் கழுவி, பேணிக்குப் பக்கத்துக் கதியாலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

இன்று வெள்ளிக்கிழமை. கோப்பை இன்னும் வேலியில்தான் இருக்கிறது. மனைவியைக் கேட்டால், "குடுத்தது நீங்கள்தானே, நீங்களே எடுங்கோ" என்கிறாள். நியாயம்தான். எடுக்கத்தான் போகிறேன். காலையில்கூட அந்தப் பக்கம் இரண்டு தடவை போனேன். முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

நான் குடித்த கோப்பையில் குடிக்க அந்த ஜேர்மன்காரிக்கு ஒரு வாரம் எடுத்தது. எனக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது!