கண்மாய்க்கரையில் காற்றின் கோடு

1998 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மதுரையில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். எண்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினாறு ரூபாய். பையில் ஒரு மாற்று உடையும் ஒரு கடிதமும் இருந்தன. அந்தக் கடிதத்தால்தான் இந்தப் பயணம்.

சென்னையில் ஒரு வார இதழுக்கு அறிவியல் எழுதிப் பிழைக்கிறவன் நான். வேறு சூரியன்களையும் கிரகங்கள் சுற்றுகின்றன என்று தெரிந்து அப்போது இரண்டு மூன்று வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே உயிர் இருக்கிறதா என்று போகாமலே எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு கிரகத்தின் காற்றைக் கடந்து வரும் ஒளியை வானவில்லாக விரித்தால், காற்றிலுள்ள ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கி, அந்த இடங்களில் கறுப்புக் கோடுகளை விட்டிருக்கும். ஆக்சிஜனின் கோடும் மீத்தேனின் கோடும் சேர்ந்தே தெரிந்தால், அங்கே ஏதோ மூச்சு விடுகிறது என்று பலமாகச் சந்தேகப்படலாம். இவ்வளவும் சரி. கடைசியில், ‘நம் பூமியின் ஆக்சிஜன் கோட்டைச் சூரிய ஒளியில் யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்த கருவியாலேயே பார்க்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அது எங்கோ படித்தது. நான் பார்த்ததில்லை.

பார்த்துவிட்டதாக ராஜபாளையத்திலிருந்து முத்தையா என்பவர் எழுதியிருந்தார். நூல் மில்லில் வேலை. ‘ஞாயிற்றுக்கிழமை என் ஷிப்ட் ஆட்கள் எல்லோருக்கும் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். அதற்கு முன் தாங்கள் வந்து சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.’ வேண்டும் என்பதன் கீழே இரண்டு முறை கோடிட்டிருந்தார்.

ஒன்பதே காலுக்கு இறங்கினேன். மேற்கே மலை ஊரின் தோளில் கை போட்டதுபோல் நின்றது. பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த முத்தையாவுக்கு நாற்பது வயதிருக்கும். மீசையில் ஒரு பஞ்சுத்துணுக்கு ஒட்டியிருந்தது. டீக்கடையில் இரண்டு டீ மூன்று ரூபாய். கொடுக்க என்னை விடவில்லை.

“மில்லுல எனக்கு ஹ்யூமிடிட்டி பிளான்ட்டு சார். காத்துல ஈரம் கொறஞ்சா பஞ்சு பறக்கும், நூல் அறுந்துகிட்டே இருக்கும். ரெண்டு தெர்மாமீட்டரப் பாத்து எம்புட்டு ஈரம்னு சொல்லணும். கண்ணுக்குத் தெரியாத காத்துல என்ன இருக்குன்னு சொல்லுறதுதான் என் பொழப்பு. நீங்க எழுதுனதப் படிச்சதும், அட, நம்ம வேலையத்தான் எங்கேயோ இருக்க கிரகத்துக்குச் செய்யுதாங்கன்னு தோணுச்சு.”

என் கட்டுரையை என்னைவிடச் சுருக்கமாக இவர் சொல்லிவிட்டாரே என்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

டீக்கடையிலேயே ராமராஜுவைப் பார்த்தோம். அதே ஷிப்ட்டின் மேஸ்திரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். “மெட்ராஸ்லருந்தே ஆள எறக்கிட்டானா? சார், இவன் ரெண்டு மாசமா மில்லுல ஒருத்தரையும் வேலை பாக்க விடல. நாளைக்கு மட்டும் அந்தக் கோடு தெரியலன்னு வைங்க, ரிட்டயர் ஆகுற வரைக்கும் இவன் பேரு கோடு முத்தையாதான்.” கடையே சிரித்தது. முத்தையாவும் சிரித்தார். ஆனால் டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டார்.

பதினொரு மணிக்கு அவர் வீட்டு மாடியில் கருவியைக் கையில் வாங்கினேன். நூல் சுற்றும் அட்டைக் கோன். அகன்ற வாயை அட்டையால் மூடி, இரண்டு சவர பிளேடுகளை முடி நுழையும் இடைவெளியில் ஒட்டியிருந்தார். உள்ளே, ஒளியை நிறங்களாக விரிக்க, மில் கம்ப்யூட்டர் ரூமில் தூக்கிப்போட்ட சி.டி.யிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. சூரியனை நேராகப் பார்க்காமல், பக்கத்து வானத்தை நோக்கிப் பிடித்தேன். அருமையான வானவில். அதில் நாலு கறுப்புக் கோடுகள், திட்டவட்டமாக.

கோனைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். வாயுக்களின் கோடுகள் நிறங்களைக் குறுக்கே வெட்ட வேண்டும். இவை சிவப்பிலிருந்து ஊதா வரை நீளவாக்கில் ஓடின. ஒரு ஊசி கேட்டு வாங்கி பிளேடுகளின் இடுக்கை மெல்ல வழித்தேன். ஊசிமுனையில் நாலு பஞ்சு இழைகள் வந்தன.

முத்தையா ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பஞ்சு பறக்காமப் பாத்துக்கிடுறதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளமே” என்றார். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சொர்ணம் மோர் கொண்டுவந்தார். கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளர்களைச் சுவரின் மேல் வைத்தார்.

அப்போதுதான் நானும் உண்மையைச் சொன்னேன். இன்றுவரை அந்தக் கோட்டை நானும் பார்த்ததில்லை, படித்ததை எழுதினேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அப்பச் சரி. ரெண்டு பேரும் ஒரே கணக்குதான்” என்று மோரை எடுத்து நீட்டினார். மனிதர் மேல் எனக்கு அந்த நிமிஷத்தில் வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

சுத்தம் செய்த கோனில் மெல்லிய குறுக்குக்கோடுகள் இரண்டு மூன்று தெரிந்தன. ஆனால் அவை சூரியனுக்கே உரியவை. நம் காற்றின் கோடு அடர்சிவப்பில் இருக்க வேண்டும், அங்கே ஒன்றுமில்லை. சூரியன் அடிவானத்தில் இருந்தால்தான் ஒளி நெடுந்தூரம் காற்றுக்குள் வரும், கோடு கறுக்கும். சாயங்காலம் வரை காத்திருந்தோம். ஐந்தே முக்காலுக்கு, இன்னும் வெள்ளையாகவே இருந்த சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. இந்த ஊரில் சூரியன் அடிவானம் வரை இறங்குவதே இல்லை. சாயங்காலச் சூரியனை மட்டும் நம்பி இரண்டு மாசம் பார்த்திருக்கிறார் முத்தையா.

“சாயங்காலம் மறச்சா காலைல பாக்க வேண்டியதுதான?” என்றார் சொர்ணம். “இங்க கெழக்க பூராவும் மில்லும் வீடும். எங்க ஊரு கண்மாய்க்கரைக்கு வாங்க. அங்க சூரியன் தண்ணிக்குள்ள இருந்துதான் ஏறும்.” அவர் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர், பன்னிரண்டு கிலோமீட்டர்.

முத்தையா தயங்கினார். யாருக்கும் சொல்லாமல் நாம் மட்டும் முதலில் போய்ப் பார்த்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். “வேண்டாம் சார். ஞாயித்துக்கெழமைன்னு சொன்னேன்லா. தெரியலன்னா தெரியலன்னு அவிய முன்னாலயே சொல்லிருதேன்” என்று எழுந்து, ஷிப்ட் ஆட்களுக்கு இடமும் நேரமும் மாறிவிட்டதைச் சொல்ல சைக்கிளை எடுத்தார்.

ஞாயிறு, காலை ஆறு மணி. டவுன் பஸ்ஸில் வந்தவர்களும் டி.வி.எஸ். வண்டிகளில் வந்தவர்களுமாகக் கரையில் பதினான்கு பேர். ராமராஜு மஃப்ளருக்குள்ளிருந்து, “மொத ஆட்டத்துக்கு இம்புட்டு வெள்ளனையா டிக்கெட்டு குடுக்காங்க?” என்றார். பின்னால் கோபுரம் இருட்டிலிருந்து பிரிந்து வந்தது. கண்மாயில் நாரைகள். கிழக்கே அடிவானத்தில் ஒரு மேகப் பட்டை கிடந்ததைப் பார்த்து எனக்கு வேர்த்தது.

ஆறு நாற்பதுக்கு அந்தப் பட்டை விலகி, மேகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சூரியன் சிவப்பாக வந்தது. “நீங்க மொதல்ல பாருங்க சார்” என்று முத்தையா கோனை என் கையில் வைத்தார்.

சூரியனை ஒட்டிய வானத்தை நோக்கினேன். அடர்சிவப்பில், நிறங்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு, அழுத்தமாக ஒரு கறுப்புப் பட்டை. மில்லும் ஊரும் நாரையும் நானும் மூச்சுவிடுகிற அதே ஆக்சிஜன். என் கண் நிறைந்துவிட்டதால் இரண்டாம் முறை துடைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருந்தது.

“இருக்கு” என்றேன்.

முத்தையா கோனை வாங்கினார். தன் கண்ணில் வைக்கவில்லை. “மேஸ்திரி, வாங்க” என்று ராமராஜுவிடம் நீட்டினார்.

ராமராஜு வெகுநேரம் பார்த்தார். “இத எங்கேயோ இருந்து ஒருத்தன் பாத்தா, நாம இங்க இருக்கோம்னு தெரியுமா சார்?”

“ஏதோ இருக்குன்னு சந்தேகப்படுவான். மீத்தேனையும் பார்த்தா சந்தேகம் இன்னும் பலமாகும்.”

“அது எங்கருந்து வரும்?”

“சதுப்பு நிலத்துலருந்து, மாட்டுலருந்து.”

“அப்ப எங்க வீட்டு எருமையும் தகவல் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு” என்றார். எல்லோரும் சிரித்ததில் நாரைகள் எழும்பிப் பறந்தன. ஆனால் அவர் சிரிக்கவில்லை. கோனை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றுகொண்டார்.

ஒவ்வொருவரும் பார்த்தார்கள். சொர்ணம் பார்த்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று முத்தையா ஒவ்வொருவர் தோளையும் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். ராமராஜு இரண்டாம் முறையும் பார்த்துவிட்டு, “நெசந்தாம்லே முத்தையா” என்றார். கோன் முத்தையாவின் கைக்கு வந்தபோது மணி ஏழரை. சூரியன் பனை உயரத்துக்கு வெள்ளையாக ஏறிவிட்டது. அவர் பார்த்தார். கோடு அதற்குள் தெரியாத அளவுக்கு மங்கிவிட்டது.

“நீங்க பாக்கலியே” என்றேன்.

“நாளைக்குப் பாத்துக்கிடுதேன் சார். எங்க போயிரப் போவுது.”

ஒன்பது மணிக்கு எனக்கு மதுரை பஸ். ஏறவில்லை. ஆசிரியர் வீட்டுக்கு போன் போட்டு, காய்ச்சல் என்றேன். கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு அதே ஊரில் இருந்த சொர்ணத்தின் அண்ணன் வீட்டில் முத்தையாவோடு தங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை கரையில் நாங்கள் இருவர்தான். மேகமே இல்லை. சூரியன் தண்ணீரைவிட்டு எழுந்ததும் முத்தையா கோனைத் தூக்கினார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறபோது அவர் மூச்சை அடக்கியிருந்தார். பிறகு நெஞ்சு நிறைய இழுத்து, நிதானமாக விட்டார்.

சென்னையில் என் வீட்டிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிஷ நடை. கிழக்கே மறைக்க மலையோ மில்லோ இல்லை. அங்கே முப்பது வருஷம் குடியிருந்துவிட்டுத்தான் இதைப் பார்க்க ராஜபாளையம் வரை வந்தேன். அடுத்த இதழில் பழைய கட்டுரையின் அந்தக் கடைசி வரியை மறுபடி எழுதினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. கீழே ‘நான் பார்த்தேன்’ என்று மட்டும் சேர்த்தேன்.