துப்பாக்கிக்கு ஒரு கம்பளி வில்லை

எங்கள் அம்மாவுக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தினாலே தள்ளி நிற்பாள். அப்படிப்பட்டவள் ஒரு கோடை முழுவதும் பக்கத்து வீட்டு அங்கிளின் பழங்காலக் கைத்துப்பாக்கிக்காக உழைத்தாள்.

அப்போது டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் இருந்தோம். எனக்குப் பத்து வயதிருக்கும். அம்மா வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்து, சென்னையில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள். அமெரிக்காவில் அவளுடைய விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை.

அங்கிளின் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. சுழலும் உருளையின் ஒவ்வொரு அறையிலும் கருமருந்தைக் கொட்டி, மேலே எண்ணெயும் மெழுகும் ஊறிய கம்பளித் துணி வில்லை ஒன்றை வைத்து, அதன்மேல் ஈயக் குண்டை அழுத்த வேண்டும். 'வாட்' என்று அவர் சொல்லும் அந்த வில்லை சரியில்லையென்றால் கரி இறுகி உருளை சுற்றாது. போன வருடத் துப்பாக்கி சுடும் போட்டியில் பாதியிலேயே நின்றுபோனதை அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து புலம்பியபோது, அம்மா ஒரு வில்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அதிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். அது சுருண்டு மணியாக உருகியது.

"இது கம்பளியே இல்ல, பிளாஸ்டிக். அதான் உள்ள போய் ஒட்டிக்குது" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை, ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் ஒரு பழைய தொப்பி வாங்கினாள். அதன் நூல் எரிந்தபோது அசல் கம்பளிக்கே உரிய, முடி கருகும் நாற்றம் வந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. தொப்பி வில்லைகளாயிற்று.

ஊறவைக்க ஆட்டுக் கொழுப்புதான் வழக்கம் என்றார் அங்கிள். அது தன் அடுப்பில் ஏறாது என்று அம்மா சொல்லிவிட்டாள். தேன்மெழுகோடு தேங்காய் எண்ணெயைக் கலந்தாள். டெக்சாஸ் வெயிலில் அது உருகி மருந்தை நனைத்துவிட, அங்கிள் சுட்டுப் பார்த்தபோது குண்டு கிளம்பவே இல்லை. மெழுகைக் கூட்டினாள், கரி இறுகியது.

"விடேன். யார் உன்னைக் கேட்டா? இது என்ன உன் வேலையா?" என்றார் அப்பா.

 மறுநாள் அம்மா நல்லெண்ணெயை எடுத்தாள். கலவையைத் தடவிய வில்லைகளை டப்பாவில் போட்டு, வெயிலில் நின்ற காருக்குள் வைத்து, மணிக்கொரு தரம் போய்த் தொட்டுப் பார்த்தாள். உருகினால் மெழுகு, இறுகினால் எண்ணெய் என்று மாற்றிக்கொண்டே இருந்தாள். இட்லிக்கு எண்ணெய் இல்லாமல் போன ஒரு காலையில் அப்பா வாய் திறக்காமல் சர்க்கரை தொட்டுக்கொண்டார்.

போட்டிக்கு அம்மாவும் நானும் போனோம். அங்கிள் பரிசு எதுவும் வாங்கவில்லை. ஆனால் உருளை கடைசிவரை சுற்றியது. ஒருவர் வில்லையைக் கையிலெடுத்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். அங்கிள் அம்மாவைக் காட்டி, இவர் ஒரு கெமிஸ்ட், இவர் செய்தது என்றார். அம்மா சட்டென்று திரும்பி, கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினாள்.

வீடு திரும்பும்போது காரில் கேட்டாள்.

"அங்கிள் என்னைப் பத்தி என்னடி சொன்னார்?"

"ஹி செட் யூ ஆர் எ கெமிஸ்ட், அம்மா."

அடுத்த சிக்னலில் அதையே மறுபடி கேட்டாள். வெடிச் சத்தத்தில் பாவம் காது அடைத்துவிட்டது என்று நினைத்தேன். இந்தத் தடவை நன்றாகக் கத்திச் சொன்னேன்.